சம்பவ அறிக்கை

கதவு திறந்திருந்த நேரம் பதினேழு நிமிடம்.
அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.
மறைக்க முடியாது,
அந்தக் கதவுக்கு ஞாபகசக்தி வைத்ததே நான்தான்.

குளுவாங். முகாமின் பின்வேலி.
வேலிக்கு அப்பால் செம்பனை,
செம்பனைக்கு அப்பால் எண்ணெய் ஆலை.
காற்று திரும்பினால்
சர்வர் அறைக்குள்ளும் புளித்த பழவாடை.
அன்று சம்பள ஓட்டம்.
மூவாயிரத்துச் சொச்சம் பேரின்
படி, பிடித்தம், வீட்டுக்கடன்,
பிரிந்துபோன மனைவிக்குப் போகும் பங்கு
எல்லாம் வரிசையில் நின்றன.

இரவு இரண்டு பத்துக்குக் குளிர்சாதனம் நின்றது.
நின்றது என்பது மரியாதைக்கு.
ஒரு இருமல், ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான்.
இருபத்திரண்டு டிகிரி
இருபத்தொன்பதானது, முப்பத்து மூன்றானது.
தொலைபேசியில் கோப்ரல் ரொஸ்லான்:
"புவான், நிறுத்தவா?"
நிறுத்தினால் சம்பளம் மூன்று நாள் தள்ளும்.
நிறுத்தாவிட்டால் வட்டுகள் வேகும்.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
"நான் வரேன்" என்றேன்.
உத்தரவு கேட்டவனுக்கு
அது உத்தரவே இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள்
தீயணைப்பு உருளையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து,
காவல் கொட்டகையின் மின்விசிறியைத் தூக்கிவந்து
அறைக்கு மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தான்.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு.
விதிப்படி குற்றம்.
எண்படி சரி.

அப்போது உள்ளே வந்தது அது.
இரண்டு சுற்றுச் சுற்றி
கேபிள் தட்டில் தலைகீழாகத் தொங்கி
எங்கள் மூவரையும் பார்த்தது,
ஆய்வுக்கு வந்த பிரிகேடியர் மாதிரி.

லான்ஸ் கோப்ரல் லாந்திங் கப்பிட்காரன்,
வௌவால் அவனுக்குப் புதிதில்லை.
விளக்கை அணைக்கச் சொன்னான். அணைத்தேன்.
பச்சைப் புள்ளிகள் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்க
துவாலையை விரித்து, பூ எடுப்பதுபோல் எடுத்து
விசைப்பலகை வந்த அட்டைப்பெட்டியில் வைத்து
செம்பனைப் பக்கம் விட்டுவிட்டு வந்தான்.
கையைக் கழுவிக்கொண்டு
மைலோ கலக்கினான், மூன்று கோப்பை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஓட்டம் முடிந்தது.
பிழை ஒன்றுமில்லை.

பிறகு படிவம்.
கேள்வி ஏழு: அனுமதியின்றி நுழைந்தவர் பெயர்.
வௌவால் என்றுதான் எழுதினேன்.
அதன் பெரியப்பன் பெயரைத்தான்
இந்த ஊருக்கே வைத்திருக்கிறார்கள்.
கேள்வி எட்டு: அடையாள அட்டை,
நீலமா, சிவப்பா?

பேனா அங்கே நின்றது.
அம்மா ரெங்காம் தோட்டத்தில் பிறந்தவள்.
நாற்பது வருஷம் பால்மரம் சீவி
சிவப்பு அட்டையோடேயே போய்ச் சேர்ந்தாள்.
இந்த அறையின் சாவியை என்னிடம் தருவதற்கு முன்
அதைப் பற்றி இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள்.
நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை என்று எழுத
கட்டத்தில் இடம் போதவில்லை.
கோடு போட்டேன்.

கேள்வி பதினொன்று: பொறுப்பாளர்.
ரொஸ்லானின் சார்ஜன் பட்டி
அடுத்த மாதப் பட்டியலில் இருக்கிறது.
வாரண்ட் அதிகாரி பாக்கியவதி,
மாயழகு மகள் என்று எழுதினேன்.
இணைப்பு: குளிர்சாதனம் பழுது என்று
மார்ச்சிலும் மேயிலும் ஜூலையிலும்
நான் போட்ட கடிதங்கள்.

காலையில் மேஜர் கூப்பிட்டார்.
"வௌவாலை எடுத்துவிடலாமே, மேலே போகிற தாள்."
எடுத்தேன்.
"இந்தக் கடிதங்களையும்..." என்று இழுத்தார்.
நான் ஒன்றும் சொல்லாமல்
ஸ்டேப்ளரை
இன்னொரு முறை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பெட்டி வந்தது.
லாந்திங் ஆசையாகப் பிரித்தான்.
கதவுக்குப் புதுப் பூட்டு, இரட்டை நாக்கு.
குளிர்சாதனத்துக்கு ஒரு வரி:
பரிசீலனையில்.

காவல் கொட்டகை
மின்விசிறியைத் திருப்பிக் கேட்கிறது.
நாளைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.