தெற்குக் கொப்பு

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று
கம்பெனியில் நிறுத்துத் தருவார்கள்.
தூளும் அப்படித்தான்.
முப்பது வருஷமாய் விரலுக்குத் தெரிந்த கணக்கு:
வெட்டு, வை, உருட்டு, மடக்கு, கட்டு.
நெஞ்சுக்கு மட்டும் அது ஏறவில்லை.

ஒன்று, ஒன்று, ஒன்றரை,
ஒன்றுமில்லை,
பிறகு மூன்று சேர்ந்தாற்போல் முட்டிக்கொண்டு,
முக்கூடல் கடைசி பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தாளை ஓடவிட்டுப் பார்த்தார்கள்.
சின்ன வயசுக் காய்ச்சல் வால்வைத் தின்ற மிச்சமாம்.
துடிப்பை அடக்க ஒரு மாத்திரை,
அதற்குச் சனி ஞாயிறு லீவு
(எனக்கு ஞாயிறு மட்டும்தான்).
ரத்தம் உறையாமலிருக்க இன்னொன்று.
அந்த ரத்தத்துக்கு ஒரு எண் உண்டு.
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே அது நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு சொன்னாள்:
"ஏட்டி, கீரையத் தொட்டுராத, மாத்திரை முறிஞ்சிரும்."
தொடவில்லை.
புறவாசல் முருங்கை அதுபாட்டுக்குத் தளைத்தது,
ஆட்டுக்காரன் ஒடித்துப் போனான்.
மூன்றாம் வாரம் பல் தேய்க்கையில் வாயெல்லாம் சிவப்பு.
எண் ஐந்தைத் தாண்டிவிட்டது.
பயந்துபோய்ப் பத்து நாள்
உருவி உருவிச் சட்டி சட்டியாய்த் தின்றேன்.
ஒன்றரைக்கு விழுந்தது.
டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், உடைத்தார்,
மறுபடி கூட்டினார்.

அப்புறம்தான் பதினேழாம் நம்பர் அறை.
ஜெபக்கனி என்று ஒரு பெண்,
சாப்பாட்டைக் கேட்பதற்கென்றே சம்பளமாம்.
"நேத்து என்ன சாப்பிட்டிய?"
பழையதும் சாளைக் கருவாடும்.
"முந்தாநேத்து?"
அதேதான்.
"கீரை?"
அழுதுவிட்டேன்.
தின்றதற்கா தின்னாததற்கா, தெரியவில்லை.

என் கையை எடுத்து விரித்தாள், மடக்கினாள்.
"இந்தக் கைக்கு ஒரு பிடி. செவ்வாயும் வெள்ளியும்.
கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்.
ஒங்க கீரைக்குத் தக்கன டாக்டர் மாத்திரைய வெட்டித் தருவாவ."
கீரைக்குத் தக்கனயா மாத்திரை?
"பின்னே?"

ஆயிரத்துக்கு இவ்வளவு இலை, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கருவாட்டுக்குத்தான் பேரம் நடந்தது.
கால் வீக்கத்தை அழுத்திக் காட்டினாள், குழி விழுந்தது.
வாரம் ஒன்று என்றேன். கூடாது என்றாள்.
மாசம் ஒன்று, அதுவும் ஊறவைத்துக் கழுவி, என்று முடிந்தது.
தூளையும் விடச் சொன்னாள்.
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
அவளும் திருப்பிக் கேட்கவில்லை,
நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டாள்.

இந்த மாசம் எண் ரெண்டு புள்ளி நாலு.
தாளம் திரும்பவில்லை. திரும்பாதாம்.
ராத்திரியில் இடது பக்கம் படுத்தால்
இன்னும் பஸ்ஸுக்கு ஓடுகிற சத்தம்.

இன்றைக்கு வெள்ளி.
தொரட்டியோடு வந்து நின்றான் ஆட்டுக்காரன்.
தெற்குக் கொப்பை விட்டுட்டு
மத்ததை ஒடிச்சுக்கோ என்றேன்.
அதில் என்ன இருக்கு என்றான்.
மாத்திரை, என்றேன்.