கடைசிக் கட்டம்

வாட்ஸோ பள்ளி முற்றத்தில் நட்டிருப்பது
சிக்னேயின் பழைய பனிச்சறுக்குக் கோல்.
சரியாக ஒரு மீட்டர், உச்சியில் சிவப்பு நாடா.

செப்டம்பரில் நிழல் இரண்டு மீட்டர்.
அக்டோபரில் ஐந்து.
நவம்பர் பிறந்ததும் வேலி தாண்டி
மிதிவண்டிக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது;
டேப்பின் முனையைப் பிடிக்க
ஊல்லா பனியில் மண்டியிட்டாள்.

பிறகொரு திங்கட்கிழமை
சூரியன் வரவே இல்லை. இனி ஜனவரியில்தான்.

அட்டவணையில் கட்டம் காலியாக இருந்தது.
ஊல்லா பூஜ்ஜியம் போட்டாள்.
சிக்னே அழித்தாள்,
ரப்பர்த் தூளை ஊதினாள்.
நேற்றுவரை நீண்டுகொண்டே போனது
இன்றைக்கு எப்படி ஒன்றுமில்லாமல் போகும்?

எழுதினாள்:
அளக்க டேப் போதவில்லை.
ஊரே அதற்குள்தான் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே விளக்கு வெளிச்சத்தில்
கோலுக்குக் குட்டையாய் இரண்டு நிழல்கள்.
ஊல்லா கைகாட்டினாள்.
"அது கணக்கில் வராது."