ரசமட்டம்

ஈசூனில், பதினோராம் மாடியில்,
எங்கள் படுக்கையறைக்கு
மூன்று ஆண்டாக
ஒரு பச்சை வாளி காவல்.

இரவு இரண்டு மணிக்கு முதல் சொட்டு.
அதற்கு முன் அது கொஞ்சம் யோசிக்கும்,
ஏர்கானின் பிளாஸ்டிக் உதட்டில் தொங்கிக்கொண்டு,
விழலாமா வேண்டாமா என்று.
விழும்.
தணிகைவேல் புரண்டு படுப்பார்.
"நீங்களும் உங்க ஆள் மாட்டின ஏர்கானும்"
என்பேன் கண்ணைத் திறக்காமல்.

பார்க்காத வைத்தியம் இல்லை.
வலைச்சட்டத்தைக் கழற்றிக் குளியலறையில் போட்டுப்
பழைய பல்துலக்கியால் தேய்த்தோம்.
எதிர்வீட்டு நூரியாவின் தூசு உறிஞ்சியை இரவல் வாங்கி
வடிகுழாயின் வாயில் பொருத்தி
ஈரத்துணி சுற்றி இழுத்தோம்.
அழுகிய நுங்கு போல் வழவழவென்று
கறுப்பாய் ஒன்று வந்து விழுந்தது.
மகன் அதற்குப் பெயர்கூட வைத்தான்.
இரண்டு வாரம் சொட்டவில்லை,
மூன்றாவது வாரம்
வாளியைத் தேடிக்கொண்டு ஓடினேன்.

சிவப்பு விளக்கு சிமிட்டியதை எண்ணினோம்:
ஐந்து, ஓர் இடைவெளி, மறுபடி ஐந்து.
கையேட்டில் ஐந்துக்குப் பொருள்
'விற்பனையாளரை அணுகவும்'.
ஆறுக்கும் அதுவே.
ஏழுக்கும்.

கேஸ் நிரப்பிப் போனவருக்கு எண்பது வெள்ளி.
மருந்தடித்துக் கழுவியவருக்கு நூற்றிருபது.
ஒவ்வொரு ரசீதையும்
அவர் தலையணைக்கடியில் வைத்தேன்.
எடுத்துப் பார்ப்பார், மடிப்பார்,
ஒன்றும் சொல்லமாட்டார்.
சொல்லாததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நேற்று குவெக் வந்தார்.
அறுபது வயதிருக்கும். காதிடுக்கில் பென்சில்.
மூடியைத் திறக்கவே இல்லை.
பையிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்து
ஏர்கானின் தலையில் வைத்தார்.
உள்ளே குமிழ்
கடைசி பஸ்ஸைப் பிடிப்பதுபோல்
வலப்பக்கம் ஓடி நின்றது.

"செங்ஙெட்" என்றார்,
உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டி.
வடியும் துளை வலப்பக்கம்.
தண்ணீருக்குப் பள்ளம் இடப்பக்கம்.
அது வேறென்ன செய்யும்?
"யார் மாட்டினது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை.
பட்டறை நண்பர் சேவுகன் துளைக்கும் கருவியோடு.
இரும்புத் தகட்டைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி இவர்,
முகமெல்லாம் சிமெண்டுப் பொடி.
ஸ்டூலின் மேல் நான்,
கையில் ரசமட்டம்.
"குமிழ் நடுவுல இருக்கா?"
குமிழ் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.
தாண்டியும் இருந்திருக்கலாம்,
ஒரு நகக்கண் அளவு.
அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில்.
"இருக்கு, இருக்கு" என்று
இறங்கி ஓடினேன்.

குவெக்குக்கு என்ன சொன்னேனென்று நினைவில்லை.
நான்கு திருகாணி தளர்த்தினார்,
அரை விரற்கடை இறக்கினார்,
சொம்பில் தண்ணீர் கேட்டுத் தட்டில் ஊற்றினார்.
அது யாரிடமும் வழி கேட்காமல் போயிற்று.
நாற்பது வெள்ளி.
ரசீதை என் பணப்பையில் வைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்தவர்
காய்ந்த வாளியைப் பார்த்துவிட்டு
"என்னவாம்?" என்றார்.
"பாசி" என்றேன்.

இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன்,
சொட்டாததால்.
கூரையோரம் பழுப்பேறிய கறை மட்டும்
ஏதோ தீவின் வரைபடம்போல் அப்படியே.
அவர் மூச்சு, ஏர்கானின் மூச்சு,
இடையில் வாளி விழுங்கி வந்த இடம்
காலியாகக் கிடந்தது.

"அன்னைக்கு ரசமட்டம் பிடிச்சது நான்தான்"
என்றேன் இருட்டிடம்.

வெகுநேரம் பதில் இல்லை.
தூங்குகிறார் என்றிருந்தேன்.
பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து
ரிமோட்டைத் துழாவியது.
"இருபத்தாறுல வை," என்றார்,
"குளிருது."