பல் விழுந்த கத்தி

பார்சலைப் பிரித்ததும்
பேப்பர் சுற்றலுக்குள் தேங்காயெண்ணெய் வாசனை.
அருமனை குமாரதாசின் சவரக்கத்தி.
வருசத்துக்கு ஒருமட்டம் வருவது
ஆறாம் மாசமே வந்திருக்கிறது.

கூரின் நடுவில் ஒரு பல் போயிருந்தது,
எள்ளில் பாதி இருக்கும்.
"வாஷ்பேசின்ல தட்டிட்டு பிள்ளே" என்றார் போனில்.
சரி என்றேன்.

பகலில் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில்
சல்லடை குலுக்குகிறவள் நான்.
கறுப்பு ஒரு தட்டில், சிவப்பு ஒரு தட்டில்,
எடை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
வீட்டுக்கு வந்து உதறினால்
சேலை மடிப்பிலிருந்தும் சிவப்பு உதிரும்.
பெல்ஜியத்து மஞ்சள் கல்லுக்குள் இருந்து
கத்தியைத் தீட்டுவதும் அதே சிவப்புதான்,
கண்ணுக்குத் தெரியாத பொடியாக.
ஐந்து மாசச் சீட்டுப் பணத்தைக் கொட்டி
அதை வாங்கின அன்று மைனி கேட்டாள்:
"கடப்புறத்துல சும்மா கிடக்கதை
கப்பல்ல வரவச்சியாக்கும்?"

லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.
போனமுறை இந்தக் கூரில்
கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன,
மேல்காற்றில் மழை சாய்வதுபோல.
இப்போது எதிர்ப்பக்கம்.
எப்போதும் அடி தேய்ந்து வரும் கத்தியில்
நுனி தேய்ந்திருக்கிறது.
வாரில் இழுக்கிற கை மாறியிருக்கிறது.

வலது கைக்கு என்ன ஆயிற்று என்று
கூரில் எழுதியிருக்காது.
நானும் கேட்கவில்லை.

ஒரு பல்லை எடுக்க
பல்லை மட்டும் தேய்க்க முடியாது.
மிச்சக் கூர் முழுக்க
அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு
இறங்கி வர வேண்டும்.

ஆயிரம் நம்பர் கல்லை நனைத்தேன்.
பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் அழியும்வரை
முதலில் கல்லையே தேய்த்துச் சமமாக்கி,
பிறகு முதுகும் கூரும் ஒன்றாகப் படிய
முன்னால் ஒரு தள்ளு,
முதுகின் மேல் ஒரு புரட்டு,
பின்னால் ஒரு தள்ளு.
நூற்றி அறுபதில் குக்கர் விசிலடித்தது,
எண்ணிக்கை தப்பிவிட்டது.
கல் முழுக்கக் கறுப்பாய் இரும்பு.
பல் இன்னும் இருந்தது.
சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஒன்றிலிருந்து.

செய்த கல் பொய் சொல்லாது.
ஆயிரம் என்றால் ஆயிரம்,
ஐயாயிரம் என்றால் ஐயாயிரம்,
எங்கள் லேப் சல்லடைக்குச் சொந்தக்காரன்.
மஞ்சள் கல்லுக்கு நம்பர் கிடையாது.
சேறு தடித்தால் ஒரு குணம்,
தண்ணீர் விட விட வேறு குணம்.
எங்கே நிற்கிறோம் என்று
காதுதான் சொல்லும்.

குமாரதாசுக்கு எப்போதும்
பன்னிரண்டாயிரத்தில்தான் முடிப்பேன்.
தொங்கவிட்ட தலைமுடி
தொட்டதும் இரண்டாய் விழும்.
தெரிந்த கைக்கு அது வெண்ணெய்.
தெரியாத கை பிடித்தால்
சிவந்த பிறகுதான் கன்னத்துக்கே தெரியும்.

முப்பது வருசத் தொழில்.
இடது கைக்கு ஆறு மாசம்கூட இருக்காது.

பன்னிரண்டாயிரத்தை
ஈரம் படாமலே துணியில் சுற்றி
அலமாரியில் திரும்ப வைத்தேன்.
மஞ்சள் கல்லில் சேறு கூட்டி,
சொட்டுச் சொட்டாய் அதைக் கரைத்து,
வெறும் தண்ணீர் ஆனதும் நிறுத்தினேன்.
முன்கையில் வைத்துப் பார்த்தேன்.
மயிர் விழுந்தது,
தோல் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் போன்.
பின்னால் சலூன் ரேடியோ, யாரோ இருமுகிறார்.
"என்ன பிள்ளே, இந்த மட்டம்
கூர் கொஞ்சம் பைய போவுது?"
"கல்லை மாத்தினேன்."
கொஞ்ச நேரம் ரேடியோ மட்டும் பேசியது.
"செரி. அடுத்த மட்டமும்
அந்தக் கல்லே போதும்."

பிறகு கூலி எவ்வளவு என்றார்.
சொன்னேன். பல்லுக்குத் தனியா அம்பது.
"அதை வாஷ்பேசின்ட்ட வாங்கிக்கோ" என்று
சிரித்து வைத்துவிட்டார்.