வெற்று நிறை

அட்டையையும் அடுத்த தாளையும்
பஸ் நிலையத்து மான் ஒன்று தின்றுவிட்டது,
நான் பணிஸுக்குச் சில்லறை தேடிய நேரம்.
ஆகவே தலைப்புத் தெரியாது, எழுதியவர் தெரியாது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எண்பது ரூபாய்க்கு அது போதுமான தகவல்.

இதற்கு முன் ஒரு தடித்த புத்தகம்
மூன்று வருடம் என்னிடம் இருந்தது.
நாற்பதாம் பக்கத்தில் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது.
இன்னும் எழும்பவில்லை.

என் ஆங்கிலத்துக்கு லீவுக் கடிதம் எழுத வரும்.
கப்பல்காரர் கேட்டால் வழி சொல்ல வரும்.
கோபம் வந்தால் மட்டும்
'எக்ஸ்கியூஸ் மீ'யோடு நின்றுவிடும்.

சீனக்குடாவில், லொறித் தராசில் வேலை.
வெறும் லொறியை நிறு.
மாவேற்றி வரும்போது மறுபடி நிறு.
கழி. மிச்சம்தான் சரக்கு.
ஒரு லொறிக்கும் அடுத்ததற்கும் இடையில்
இரண்டு பக்கம் போகும்.
குடா தெரியாமல் மழை பெய்தால் நாலு.

கதையில் ஒருவன் கடன்பட்டிருக்கிறான்.
மேல்மாடியில் அவனுடைய பியானோ.
படி வளையும் இடத்தில் அது திரும்பாது.
பறிமுதல் செய்ய வந்தவர்கள்
கயிறு கொண்டுவந்தார்கள், தச்சனைக் கொண்டுவந்தார்கள்,
பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

முதலில் அகராதியோடுதான் போனேன்.
ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சோதனைச்சாவடி:
இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு.
பத்தொன்பதாம் பக்கத்தில் அலுத்துப்போய்
எல்லாரையும் போகவிட்டேன்.
'ரிலக்டன்ட்லி' என்று ஒருத்தி
நாலு தரம் கடந்துபோனாள்.
நாலாந்தரம்,
அவள் காலை இழுத்து இழுத்து நடப்பது தெரிந்தது.

அறுபத்தோராம் பக்கம்.
வந்தவர்களில் மூத்தவன் ரசீது எழுதுகிறான்:
பியானோ ஒன்று. பார்க்கப்பட்டது. பெறப்படவில்லை.

சிரித்துவிட்டேன்.
தமிழுக்கு வந்து அனுமதி கேட்காத சிரிப்பு.
இருபது வருடமாய் ரசீது எழுதுகிறவளுக்கு
அது எந்த மொழியில் இருந்தால் என்ன?

கண்ணாடிக்கு வெளியே கிண்ணியா பௌசர்,
தராசின் மேல் லொறியோடு.
"என்ன மிஸ், நிறை பிழையா?"
சொல்லிப் பார்த்தேன். பியானோ, படி, ரசீது.
தமிழில் அது சிரிக்கவில்லை,
ஊற்றி மறந்த சோடாபோல் கிடந்தது.
பௌசர் பிடரியைச் சொறிந்தார்.
"இப்ப அது மேலதான் நிக்குதா?"
"மேலதான்."
"ஜன்னலக் கழட்டச் சொல்லுங்க."

அடுத்த நாள் வெறும் லொறியோடு வந்தவர்
கடதாசியைத் துவாரத்தால் தள்ளுமுன்னமே
விரலை மேலே காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

எண்பத்தெட்டில் நிற்கிறேன். இன்னும் இறங்கவில்லை.
அவரிடம் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று:
எண்பத்துமூன்றில் தச்சன் அதையேதான் சொல்கிறான்,
கொஞ்சம் சுற்றிவளைத்து,
ஆங்கிலத்தில்.