மேலிருந்து பார்த்தால்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
பழைய தொட்டி வைகாசி நடுவில் ஒழுகத் தொடங்கியது.
வாய் சதுரம், அடி வட்டம்,
சதுரம் எந்த இடத்தில் வட்டமாக மனம் மாறுகிறது என்று
யாராலும் சொல்ல முடியாத தகடு.
அதை விரித்துத் தர வேண்டும் நான்,
விடிவதற்குள்.

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
லேசர் ஓட்டும் வெங்கடரமணப்பா
கீழேயிருந்து மூன்றாம் முறை கூப்பிடுகிறார்.
"மேடம், கோடு மூடல. மெஷின் எடுக்க மாட்டேங்குது."

மூடித்தானே இருக்கிறது.
மூலையைப் பெரிதாக்குகிறேன்,
இன்னும், இன்னும்,
ஒரு தலைமுடியின் அகலம் திரையை நிறைக்கும் வரை.
முனையோடு முனை ஒட்டித்தான் நிற்கிறது.

நகல் கோடுகளை அழித்தேன்,
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதினேழு கிடந்தன.
நீளமே இல்லாத கோடும் ஒன்று:
தொட்டால் இருக்கிறேன் என்றது,
அளந்தால் பூஜ்யம்.
அதையும் அழித்து அனுப்பினேன்.
"மேடம்."
மீதியை அவர் சொல்லவேயில்லை.

பன்னிரண்டரைக்கு ஆலையிலிருந்து ஷபீர் ஒரு படம் அனுப்பினார்.
கேட்டிலிருந்து தென்பெண்ணைப் பாலம் வரை லாரிகள்,
தார்ப்பாய் விலகிய இடத்தில் பெங்களூரா,
மூக்கு வளைந்து, மஞ்சள் ஏறி.
அடியில் ஒரு வரி: வாசனை வருதா?

படத்தில் வாசனை வராது, ஷபீர்.
படத்தில் உங்கள் லாரிகள்கூட
ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கின்றன.

பதில் எழுதப் பயந்து, சும்மா,
பக்கவாட்டுப் பார்வையை அழுத்தினேன்.

முழு வரைபடமும் ஒற்றைக் கோடாகப் படுத்தது.
அதற்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே,
அந்தரத்தில்,
இன்னொன்று.

நாற்பத்திரண்டு கோடுகள் தரையில் கிடக்க
இது மட்டும்
தன்னைத் தட்டையாக்கிவிட்டார்கள் என்பதை நம்பவில்லை.
மூன்று மணி நேரமாக அங்கேயே மிதந்திருக்கிறது,
அடுத்ததன் முனைக்கு நேர் மேலே தன் முனையை வைத்து.
அது ஒளியவில்லை.
நான்தான் மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் போதும்,
படுத்துவிடும்.
மெஷினும் எடுத்துக்கொள்ளும்.
விரல் போய்விட்டது.

ஆனால் ஏன் இரண்டு?
தகட்டின் தடிமன் நாலு.
வளையும்போது வெளித்தோல் நீளும், உள்தோல் ஒடுங்கும்,
நடுவில் ஓர் ஏடு
நீளாமல் ஒடுங்காமல் தன் பாட்டுக்கு இருக்கும்.
அதை வைத்துத்தான் விரிக்க வேண்டும்.
எல்லாவற்றையும் அந்த ஏட்டில் எடுத்தவள்
இந்த ஒன்றை மட்டும் தூக்கக் கலக்கத்தில்
வெளித்தோலில் தொட்டிருக்கிறேன்.

பூஜ்யம் போட்டிருந்தால்
தப்பு இங்கே படுத்துக்கொண்டு
அங்கே எழுந்திருக்கும்,
வெல்டர் கையில்,
வட்டம் வட்டத்தில் உட்காராமல்.

முதலிலிருந்து விரித்தேன்.
பக்கத்தில் பார்த்தேன், முன்னால் பார்த்தேன்,
கீழிருந்தும் ஒருமுறை, எதற்கும் இருக்கட்டும் என்று.

நாலு பத்துக்குக் கீழே லேசர் சீறியது.
ஜன்னல் வழியே வந்த நீல வெளிச்சம் சுவரில் துடித்தது.
ஷபீருக்கு எழுதினேன்: வருது.

வெங்கடரமணப்பா படியேறி வந்தார்,
கையுறை கழற்றாமல்,
வெட்டிய தகடு கீழே சூடாகக் கிடக்க.
"நல்லா வந்திருக்கு மேடம்," என்றார்.
பிறகு தலையைச் சொறிந்தார்.
"இதுல எந்தப் பக்கம் வெளிய வரணும்?"

எழுத மறந்திருந்தேன்.