எட்டும் உயரம்

குர்லாவிலிருந்து டெம்போவில் வந்த மூன்று பெட்டிகளும்
லிஃப்டுக்குள் நுழையவில்லை.
நாலு மாடி, படிக்குப் படி இறக்கி வைத்து ஏற்றினோம்.
மாட்டித் தர பெட்டிக்கு எண்ணூறு கேட்டான் கடைக்காரன்.
"அந்தக் காசுக்கு ட்ரில் மிஷினே வரும் அண்ணி"
என்று போன பிரம்மசக்தி
வாடகைக்கு ஒன்றைத் தூக்கி வந்தாள்,
இருநூற்றைம்பதுக்கு, முனை மழுங்கியது.

சொசைட்டி பலகையில் எழுதியிருக்கிறது:
இரண்டு முதல் நாலு வரை சுவரைத் துளைக்கக் கூடாது.
இப்போது பதினொன்றே கால்.

பெட்டியோடு வந்த தாளில் எழுத்தே இல்லை, படம்தான்.
முகமில்லாத ஒருவன் நிற்கிறான்.
மேடைக்கு மேல் இருபத்துநாலு அங்குலம் விடச் சொல்கிறான்.
அவனுக்குக் கை நீளம்.
நான் நாலடி பத்து.
நாத்தனார் ஐந்தடி ஒன்பது.

அவள் பதினைந்தில் கோடு போட்டாள்.
நான் ஈரத்துணியால் துடைத்து இருபத்துநாலில் போட்டேன்.
அவள் மறுபடி போட்டாள்.
"ஊரெல்லாம் வைக்கிற அளவுதானே?"
"ஊரா வந்து உளுந்து டப்பாவை எடுத்துத் தரும்?"
"உனக்கு நெத்தி இடிக்குமே."
அதற்குப் பதில் இல்லை.
என்னைச் சுவரோரம் நிறுத்திக்
கையைத் தூக்கச் சொன்னாள்.
விரல்நுனி தொட்ட இடத்தில் ஒரு புள்ளி,
ரவிக்கைக்கு அளவெடுப்பவள் மாதிரி
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில்
ரயில்வே கடிதம்.
நாக்பூர். ஒன்றாம் தேதிக்குள்.

முதல் துளை நான்தான் போட்டேன், என் கோட்டில்.
செங்கல் சிவப்பாய் உதிர்ந்தது,
பிறகு கருப்பாய், ஈரமாய்,
போன ஆடியில் குடித்த மழை.
பிறகு ஒன்றுமே தடுக்கவில்லை.
காலிங் பெல் அடித்தது.
"காய் ஜாலா?" என்றாள் பக்கத்து வீட்டு தாம்பே காக்கு.
காயும் இல்லை பழமும் இல்லை,
அவள் ஊறவைத்த பருப்பில் எங்கள் சுவர் விழுந்திருக்கிறது.
எனக்குத் தெரிந்த பதினோரு மராத்திச் சொற்களையும்
செலவழித்து மன்னிப்புக் கேட்டு
அவள் மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கையில்
இந்தப் பக்கம் ட்ரில் ஓடியது.
நிறுத்தாமல் ஓடியது.

திரும்பி வந்தேன்.
கீழ்க்கோட்டில் பன்னிரண்டு துளைகள்,
பன்னிரண்டிலும் பிளாஸ்டிக் முளை அடித்தாகிவிட்டது.
தலையெல்லாம் செம்மண் நிறத்தில் நிற்கிறாள்.
என்னுடைய ஒற்றைத் துளை மேலே வாய் பிளந்திருந்தது.
அதில் பற்பசையை அப்பினேன்.

இவள் அண்ணன் இந்த வீட்டைவிட்டுப் போன அன்று
இவளும் போவாள் என்றுதான் இருந்தேன்.
சாயங்காலம்
பரணிலிருந்து இட்லிக் குண்டானை இறக்கித் தந்து
"எத்தனை பேருக்கு ஊத்தணும்?" என்றாள்.

பெட்டியைத் தூக்கிப் பிடிக்க நாலு கை போதவில்லை.
துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித்
தலையால் தாங்கினாள்.
கோடு தாழ்வு, இவள் உயரம்.
முழங்காலை மடக்கி
பாதி உட்கார்ந்தபடியே நின்றாள்,
மூன்று பெட்டிக்கும் அப்படியே.
நான் ஸ்டூலில் ஏறி ரசமட்டத்தை வைத்தேன்.
திலக் நகரில் ரயில் நுழைந்தது.
குமிழி நடுங்கியது.
அது போகட்டும் என்று காத்திருந்தோம், அவள் மடங்கிய காலோடு.

கடைசிப் பெட்டியில் இரண்டு திருகு பாக்கி,
மணி இரண்டு.
"ட்ரில்தானே கூடாது?
திருப்புளி கூடாதுன்னு போடலையே."
கையாலேயே திருகினேன்.
உள்ளங்கையில் கொப்புளம் வந்த பிறகுதான்
அவள் தலையை எடுத்தாள்.
பெட்டி விழவில்லை.
இடது ஓரம் நூலளவு சாய்ந்திருக்கிறது, இருக்கட்டும்.

புளி, உளுந்து, கடுகு,
ஸ்டூல் இல்லாமல் நானே வைத்தேன்.
டீ போடத் திரும்பியவள்
கதவின் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.
சத்தம் தாம்பே வீடுவரை கேட்டிருக்கும்.
நீ சொன்னாய், நான் சொன்னேன் என்று
யாரும் ஆரம்பிக்கவில்லை.
தேய்த்துக்கொண்டே
"பழகிடும்" என்றாள்.

இருபத்தாறு நாள் இருக்கிறது.
பழைய மஞ்சள் பஞ்சை வெட்டி
அந்த முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.